எல்சாட்டில் 146: வகுப்புக்குப் போகாமல் ஏற்ற முடியுமா?

அமெரிக்க, கனடா சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான எல்சாட்டில் 146 வந்திருக்கிறது, கோச்சிங்குக்குப் பணமில்லை, தினம் ஒரு மாதிரித் தேர்வு எழுதியும் மார்க் நகரவில்லை என்கிறீர்கள். முதலில் அந்தத் தினசரித் தேர்வை நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒன்று போதும்.

2024 ஆகஸ்ட் முதல் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி கிடையாது. மார்க்குக்கு வரும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங், அதாவது சின்ன வாதங்களை அலசும் கேள்விகள்தான், உழைப்பை அங்கே போடுங்கள். (பழைய புத்தகமென்றால் கேம்ஸ் பக்கங்களைத் தொடவே வேண்டாம்.)

எழுதும்போதே சந்தேகமான கேள்விகளைக் குறித்து வையுங்கள். சரியான விடைகளைப் பார்ப்பதற்கு முன், கடிகாரம் இல்லாமல் அவற்றை மறுபடி போடுங்கள். இப்போது சரியாக வந்தால் பிரச்சினை வேகம். அப்போதும் தப்பென்றால் வாதமே பிடிபடவில்லை. உங்கள் மார்க்கைப் பார்த்தால் இந்த இரண்டாவதுதான் உங்கள் பிரச்சினை என்று தோன்றுகிறது. ‘காபி குடிப்பவர்கள் குறைவாகத் தூங்குகிறார்கள், ஆகவே காபிதான் காரணம்’ என்று ஒரு கேள்வி வந்தால், தூக்கம் போதாதவர்கள்தான் காபியைத் தேடுகிறார்களோ என்று சட்டென்று உறைக்க வேண்டும். அந்த ஓட்டையை உங்கள் சொந்த வரியில் எழுதிய பிறகே, தேர்ந்தெடுக்கக் கொடுத்திருக்கும் விடைகளைப் படியுங்கள்.

அப்புறம், தப்பு விடைக்கு மார்க் குறையாது, எதையும் காலியாக விடாதீர்கள். எல்சாட்டை நடத்தும் அமைப்பின் லாஹப் (LawHub) தளத்தில் சில பழைய தேர்வுகள் இலவசம். அவை தீர்ந்த பிறகு காசு செலவழிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.