கொழும்பிலிருந்து லண்டன்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

அம்மாவை முதல் தடவையாகத் தனியே லண்டனுக்கு அனுப்புவதாகவும், எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு நேர்தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீட்டர். இடையில் இறங்காத விமானம் என்றால் சுமார் 11 மணி நேரம். திரும்பி வரும்போது சற்றுக் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று அப்போது பின்னாலிருந்து தள்ளும்.

டிக்கெட்டைப் பார்த்துத்தான் பலர் குழம்புகிறார்கள். மதியம் 1 மணிக்கு ஏறினால், குளிர்காலத்தில் லண்டன் நேரம் மாலை 6.30க்கு இறங்கலாம். ஐந்தரை மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். கோடையில் அந்த வித்தியாசம் நாலரை மணி நேரம்.

டோஹா வழியாகப் போனால் பறக்கும் நேரமே சுமார் 12 மணி நேரம் வரும், காத்திருப்பு வேறு. காசு கொஞ்சம் கூடினாலும் அம்மாவுக்கு நேரடி விமானமே போடுங்கள். இடம் மாறி ஏறுவதுதான் வயதானவர்களுக்குப் பெரிய பாடு. அப்புறம், சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். வெள்ளவத்தையிலிருந்து புறப்படுவதென்றால் வீதி நெரிசலுக்கும் நேரம் ஒதுக்கி, மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் நில்லுங்கள்.