கரிசல் மண்ணில் ஓர விரிசல் – பதில்

சாலை விரிசலுக்கு இன்னொரு அடுக்கு தார் போட்டால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது, விரிசல் திரும்ப வரும். கோவில்பட்டிப் பக்கச் சாலை, ஓரத்திலிருந்து இரண்டடி உள்ளே நீளவாக்கில் விரிசல், கோடையில்தான் வாய் பிளக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் அடிமண்ணில்தான். சாலைக்கு நடுவே கரிசலின் ஈரம் அதிகம் மாறாது. ஓரம் மட்டும் காய்ந்து சுருங்கி இறங்க, தார் அங்கே கிழிகிறது. பக்கத்தில் சீமைக்கருவேலம் நின்றால் கேட்கவே வேண்டாம், இருக்கிற ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும்.

அடிமண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற மண்தானா என்று பார்க்க ஒரு சோதனை:

1. தார், ஜல்லி, கிராவல் எல்லாம் தாண்டி அடிமண் எடுங்கள். உலர்த்திப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள்.

2. அளவுக்கோடு போட்ட இரண்டு 100 மில்லி கண்ணாடி உருளைகளில் 10 கிராம் வீதம் போட்டு, ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் நிரப்புங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. கலக்கிவிட்டு 24 மணி நேரம் விடுங்கள்.

தண்ணீரில் இருக்கும் மண்ணின் அளவு மண்ணெண்ணெயில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் நின்றால், அடிமண்ணுக்கு மேலே 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை உப்பாத மண் நிரப்பியோ, சுண்ணாம்பு கலந்து கெட்டிப்படுத்தியோதான் சாலை போட வேண்டும். அதற்குப் பணம் இல்லையா? சரி, விரிசலை அடைத்து, ஓரத்தில் கிராவலை அகலமாகப் பரப்பி, தண்ணீர் தேங்காமல் பாருங்கள். விரிசல் குறையும், போகாது.

ஆனால் விரிசல் சக்கரத் தடத்தில் முதலைத்தோல் மாதிரி இருந்தால் கதை வேறு: வண்டிப் பாரம் தாங்க ஜல்லி போதாமல் இருக்கலாம். ஜல்லி அடுக்கின் கனத்தைத் தோண்டி அளந்து பாருங்கள்.