வரிகளை மட்டும் நம்பாதீர்கள், முனையைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. திருவக்கரைப் பக்கம் கிணறு தோண்டிய மண்ணில் கிடைத்த பழுப்புக் கல், வரி வரியாக இருப்பதால் கல்மரமா (கல்லாக மாறிய பழங்கால மரமா) என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஊர் என்பதால் வாய்ப்பு நிச்சயம் உண்டு. அங்கே புளி, ஆமணக்குக் குடும்ப மரங்கள்கூடக் கல்லாகிக் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டு.

ஆனால் வரி மட்டும் சாட்சி ஆகாது. நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறையிலும் ஜாஸ்பர் என்ற சிலிக்காக் கல்லிலும் வரி உண்டு. கண்ணாடியைக் கீறுகிறதா என்ற சோதனையும் இங்கே உதவாது, மூன்றுமே கீறும்.

கல்லை நனைத்து, குறுக்காக உடைந்த முனையை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். மரமென்றால் பக்கவாட்டில் நார்போல் ஓடும் கோடுகள், முனையில் நுண்துளைகளாகத் தெரியும். நடுவிலிருந்து மெல்லிய கதிர்களும் விரியும். விறகுக்கட்டையின் வெட்டுமுகம் நினைவுக்கு வரும். ஊசியிலை மரமானால் பெரிய துளைகள் இருக்காது, சீரான நுண்கட்டங்கள்தான். ஆண்டு வளையம் இல்லையே என்று ஒதுக்கிவிடாதீர்கள். வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் அது தெளிவாக இருப்பதில்லை.

வரிகள் தகடுபோல் கல்லை ஊடுருவி, முனையிலும் வரியாகவே தெரிந்து, அபிரகம் (மைக்கா) மினுங்கினால் அது நைஸ்தான்.

முனையைப் படமெடுத்துப் போடுங்கள். தயவுசெய்து சுத்தியலால் உடைக்க வேண்டாம்.