மான்டி கார்லோவும் ரெட்டிப்புக் கணக்கும் – கடிதம்

அன்புள்ள சார்,

நாங்க லண்டன்ல இருக்கோம். அடுத்த மாசம் ஒரு வாரம் நீஸ் போறோம், அங்கேருந்து ஒருநாள் மான்டி கார்லோ. அந்தப் பழைய கேசினோவ பாக்கணும்னு சின்ன வயசுலேருந்து ஆசை. உள்ள விடுவாங்களா, என்ன டிரெஸ் போடணும்? சூதாடற இடம்னு தெரிஞ்சும் அழகுக்காகப் போறது தப்பா? இன்னொன்னு, எங்க வீட்டுக்காரர் யூடியூப்ல ஒரு சிஸ்டம் பாத்து வச்சிருக்கார். ரூலெட்னு, சக்கரத்தைச் சுத்திப் பந்தை உருட்டி விடற ஆட்டமாம்; சிவப்புல காசு வைக்கணும், தோத்தா டபுளா வைக்கணும், என்னைக்காவது சிவப்பு வந்துதானே ஆகணும்ங்கறார். எனக்குப் பயமா இருக்கு, ஆனா பதில் சொல்லத் தெரியல.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொஞ்ச நாளா நான் மான்டி கார்லோ இருக்கற அந்தக் குட்டி நாடு மொனாக்கோவோட கதையைத்தான் படிச்சிட்டிருக்கேன், அதனால உங்க கடிதத்தைப் பாத்ததும் மத்ததெல்லாம் தள்ளி வச்சிட்டு உக்காந்துட்டேன். டிரெஸ், டிக்கெட்டெல்லாம் பெரிய விஷயமில்லம்மா. காலைல சுத்திப்பாக்க மட்டும் விடுவாங்க, ஆட்டம் மத்தியானத்துக்கு மேலதான். பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போங்க, அரை டிராயர் வேண்டாம். அழகைப் பாக்கறதுல ஒரு தப்பும் இல்ல. பாரிஸ் ஆப்பரா கட்டின அதே ஷார்ல் கார்னியேதான் இந்தக் கேசினோவோட ஒட்டி ஒரு குட்டி ஆப்பரா ஹாலும் கட்டினார், 1879 ஜனவரில அதைத் திறந்து வச்ச அன்னிக்கு மேடையில வந்து நின்னது அந்தக் காலத்துப் பெரிய பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார். முன்கூடத்துத் தூண்களையும் மேல்கூரையையும் நின்னு நிதானமா பாருங்க.

ஆனா அது யாரோட காசுன்னும் தெரிஞ்சிட்டுப் பாருங்க. 1848ல மொனாக்கோவை விட்டு மான்டோன், ரோக்ப்ரூன்னு ரெண்டு ஊர் பிரிஞ்சு போச்சு, எலுமிச்சையும் எண்ணெயும் விளைஞ்சு வருமானம் வந்ததே அங்கேருந்துதான். கஜானா காலி. 1861ல மொனாக்கோ ராஜா மூணாம் ஷார்ல் அந்த ரெண்டு ஊரையும் 40 லட்சம் பிராங்குக்கு பிரான்ஸ்கிட்டயே எழுதிக் குடுத்துட்டார். அதுக்கு முன்னாடியே 1856லேருந்து சூதாட்ட விடுதி நடத்திப் பாத்தாங்க, ஊருக்கு ஒழுங்கா ரோடுகூட இல்லாதப்ப யார் வருவா? 1863ல பிரான்ஸ்வா பிளாங்னு ஒருத்தர் 50 வருஷ உரிமையை வாங்கினார். ஜெர்மனில ஹோம்பர்க்ல சூதாட்ட விடுதி நடத்தி கைதேர்ந்தவர். அவர் வந்தார், 1868ல ரயில் வந்துது, அடுத்த வருஷமே குடிமக்களுக்கு நேரடி வரியே வேண்டாம்னுட்டார் ராஜா. அவ்ளோ பணம். அதே சமயம் மொனாக்கோ குடிமக்கள் அந்த மேஜைல உக்காந்து ஆடக்கூடாதுன்னு சட்டம். எனக்கு இதைப் படிச்சா இன்னும் ரத்தம் கொதிக்குது. அது என்ன பண்ணும்னு தெரிஞ்சவங்கதானே தன் வீட்டுப் புள்ளைய உள்ள விடாம கதவைச் சாத்தறாங்க, அப்ப அடுத்த வீட்டுப் புள்ளைக்கு மட்டும் எதுக்குத் திறந்து வைக்கணும்? எல்லாம் தோத்தவனுக்கு ஊர் போய்ச் சேர ரயில் செலவுக்குக் காசு குடுத்து அனுப்பவும் அங்கே ஒரு ஏற்பாடு இருந்துது. அது கருணை இல்லம்மா, ஊர்ப்பேரு கெடாம இருக்கணும்னு பண்ணது.

இப்ப உங்க வீட்டுக்காரர் சிஸ்டத்துக்கு வரேன், இதை அவர்கிட்ட உக்கார வச்சுப் படிச்சுக் காட்டுங்க. ரூலெட் சக்கரத்துல சிவப்பு 18, கறுப்பு 18, ஒரே ஒரு பச்சை சீரோ, மொத்தம் 37. அந்த ஒத்த சீரோதான் கேசினோவோட சம்பளம், பந்தயத்துல சராசரியா நூத்துக்கு 2.7 அவங்களுக்கு (சிவப்பு-கறுப்புல வச்சு சீரோ வந்தா பாதியைத் திருப்பித் தர்ற மேஜையும் உண்டு, அங்க 1.35). ஏமாத்தவே வேண்டாம், சக்கரம் சுத்திட்டே இருந்தா போதும். சரி, 10 யூரோல ஆரம்பிக்கிறார்னு வைங்க. 10, 20, 40, 80, 160, 320, 640. ஏழு தடவை வரிசையா தோத்தா போனது 1,270 யூரோ. எட்டாவதுக்கு 1,280 வைக்கணும். அது ஜெயிச்சா அவருக்கு மிஞ்சறது எவ்ளோ தெரியுமா, 10 யூரோ. பத்தே பத்து யூரோவுக்காக இவர் 2,550 யூரோவ பணயம் வச்சிட்டு நிக்கறார், இதைத்தான் யூடியூப்ல ஒருத்தன் கோட்டு போட்டுட்டு கண்டிப்பா ஜெயிக்கலாம்ங்கறான். அதுக்கு முன்னாடியே மேஜையோட உச்சவரம்பு குறுக்க வந்து இனி டபுள் பண்ண முடியாதுன்னு நிறுத்திடும். வரம்பு எதுக்கு வச்சிருக்காங்கன்னு நினைக்கிறார்?

ஏழு தடவையெல்லாம் வரிசையா வராதுன்னு சொல்வார். 1913 ஆகஸ்ட் 18 ராத்திரி, இதே மான்டி கார்லோல, ஒரு மேஜைல கறுப்பு வரிசையா 26 தடவை விழுந்துது. பதினஞ்சு தாண்டினதும் கூட்டம் கூடிடுச்சு, இனி சிவப்பு வந்தே தீரணும்னு எல்லாரும் சிவப்புல கொட்டினாங்க, கறுப்பு, மறுபடி கறுப்பு. அன்னிக்கு ஒருத்தன் உங்க வீட்டுக்காரர் மாதிரி 10 பிராங்க்ல ஆரம்பிச்சு டபுள் பண்ணிட்டே போயிருந்தா அந்த 26 சுத்துல 67 கோடி பிராங்குக்கு மேல போயிருக்கும். பந்துக்கு ஞாபகம் கிடையாதும்மா. போன தடவை எங்க விழுந்தேன்னு அதுக்குத் தெரியாது, யாருக்கும் அது கடன்படல.

இதை இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா காரணம் என் பெரியப்பா. 80கள்ல எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல லாட்டரி கடைங்க வரிசையா இருக்கும், மைக்குல நாளை குலுக்கல் நாளை குலுக்கல்னு கத்திட்டே இருப்பாங்க. பெரியப்பா மில்லுல வேலை. ஒரு கோடு போட்ட நோட்டு வச்சிருப்பார், ஒவ்வொரு குலுக்கலோட கடைசி நம்பரையும் பொறுமையா எழுதுவார். ஏழு வந்து ரொம்ப நாளாச்சுடா, இந்த வாரம் வரணும்னு என்கிட்ட சொல்வார், நானும் நம்புவேன். அவ்ளோ அன்பான மனுஷன், எனக்கு சைக்கிள் கத்துக்குடுத்தவர். பெரியம்மாவோட வளையல் போச்சு, அப்புறம் தெருக்கோடில இருந்த ரெண்டு சென்ட் நிலம் போச்சு, நோட்டு மட்டும் பக்கம் பக்கமா நிறைஞ்சுது. அவருக்கு யாரும் கணக்கு சொல்லிக்குடுக்கல. டிக்கெட் விக்கறதுக்குத்தான் ஆள் இருந்துது.

அந்த மொனாக்கோ ராஜாவாவது வெளியூர்க்காரன்கிட்ட புடுங்கினார். நம்ம தமிழ்நாட்டுல 1968ல அரசாங்கமே லாட்டரி ஆரம்பிச்சுது, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்குன்னு. விழாதது யார் வீட்டுப் பணம்? 2003ல தடை பண்ற வரைக்கும், ஆஸ்பத்திரி கட்டறோம் பள்ளிக்கூடம் கட்டறோம்னு நியாயம் பேசினவங்களை எனக்குத் தெரியும், அவங்ககூட சண்டை போட்டு உறவே விட்டுப்போச்சு. இன்னிக்கும் அதே சண்டையைப் போடத் தயார். கூலிக்காரன் பையிலேருந்து ஆசை காட்டி எடுத்த காசுல வர்ற வருமானம் எனக்கு வருமானமே இல்ல.

ஜெயிச்சவங்களே இல்லையான்னு அவர் கேப்பார். 1891ல சார்ல்ஸ் வெல்ஸ்னு ஒரு இங்கிலீஷ்காரர் மேஜைல இருந்த பணம் மொத்தத்தையும் பல தடவை காலி பண்ணார், உலகமே பேசிச்சு, கேசினோவுக்கு இலவச விளம்பரம், கூட்டம் இன்னும் ஜாஸ்தியாச்சு. அந்த வெல்ஸ் அப்புறம் மோசடி கேஸ்ல ஜெயிலுக்குப் போய் 1922ல கையில காசில்லாம செத்தார். இதை எந்த யூடியூப்காரனும் சொல்ல மாட்டான்.

பயமா இருக்குன்னு எழுதிட்டு கூடவே போறேன்னும் எழுதறீங்களே, அது எனக்குக் கோபமா இருக்கு. பதில் தெரியலன்னாலும் வேண்டாம்னு சொல்லலாம்மா, உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. காலைலயே போய் கேசினோவ பாத்துட்டு, ஆட்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள கிளம்பி அந்தப் பக்கம் பாறை மேல இருக்கற கடல் மியூசியத்துக்குப் போயிடுங்க, 1910ல மொனாக்கோ ராஜா முதலாம் ஆல்பர் திறந்தது, ஒரு மத்தியானம் பூரா அங்கயே போகும். அதுக்கும் முன்னாடி வீட்டுலயே ஒரு ஞாயித்துக்கிழமை அவரை ஒரு காசு சுண்டச் சொல்லி, 300 தடவை, ஒவ்வொன்னையும் எழுதச் சொல்லுங்க, ஒரே பக்கம் வரிசையா எத்தனை தடவை விழுதுன்னு அவரே பாக்கட்டும். அப்பவும் ஒத்துக்கலைன்னா எனக்கு எழுதச் சொல்லுங்க, அவருக்கு நேராவே பதில் போடறேன்.