சத்திரசிகிச்சை நாளில் பால் தேத்தண்ணி
(வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்)

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. அழும்போதும் முக்கும்போதும் வலது தொடையிடுக்கில் ஒரு வீக்கம் தோன்றி, படுத்ததும் மறைந்துவிடுகிறது. குடலிறக்கம் என்று சொல்லி, எங்கள் ஆதார வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். சிறுபிள்ளையை மயக்குவதென்றால் கடன்பட்டாவது கண்டியில் தனியாரிடம் காட்டு என்கிறார்கள் லயத்தில் இருப்பவர்கள். மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமோ என்ற பயமும் இருக்கிறது.
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: கடன்பட வேண்டாம். வேறு நோயில்லாத நான்கு வயதுப் பிள்ளைக்கு இது பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும் சத்திரசிகிச்சை. வைத்தியசாலையின் பெயரை விட, சிறுபிள்ளைகளை மயக்கிப் பழகிய வைத்தியர் அன்று அங்கே இருப்பாரா, பிள்ளையின் அளவுக்கேற்ற சுவாசக் குழாய்கள் உண்டா என்பவையே முக்கியம். கிளினிக்கில் இவற்றைக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தாலும் கேளுங்கள். குறைமாதத்தில் பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அத்தகைய குழந்தை மயக்கம் தெளிந்து பல மணித்தியாலங்களுக்குப் பிறகும் மூச்சை நிறுத்திவிடக்கூடும் என்பதால், இரவு முழுவதும் கண்காணிக்க வசதியுள்ள, பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை போன்ற இடத்துக்கு அனுப்புவதே முறை. அதுவும் அரசாங்க வைத்தியசாலைதான்.

மூளையைப் பற்றி: குடலிறக்கத்துக்காகச் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட 722 கைக்குழந்தைகளை 7 நாடுகளில் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் முடிவு 2019இல் வெளியானது. முழுமயக்கம் பெற்றவர்களுக்கும், விழித்திருக்கையிலேயே முதுகில் விறைப்பூசி போடப்பட்டவர்களுக்கும் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் காணப்படவில்லை.

உங்கள் கையில் இருப்பது பிள்ளையை வெறும் வயிற்றோடு கொண்டுவருவது மட்டும்தான், அதில்தான் நம் ஊரில் அதிகம் பிழை நடக்கிறது. மயக்கத்தில் இருமவும் விழுங்கவும் முடியாது. வயிற்றில் உள்ளது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். பால் வயிற்றில் திரிந்து சோறு, ரொட்டி போலவே தங்குவதால், பால் தேத்தண்ணியும் உணவுதான். அதற்கு 6 மணித்தியால இடைவெளி வேண்டும். சீனி போட்ட வெறுந்தேத்தண்ணியும் தண்ணீரும் பொதுவாக 2 மணித்தியாலத்துக்கு முன்வரை கொடுக்கலாம். காலை 8 மணிக்குச் சத்திரசிகிச்சை என்றால், இரவுச் சாப்பாட்டோடு உணவை நிறுத்திவிட்டு, விடியப் புறப்படுமுன் 6 மணிக்குள் ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி கொடுங்கள். உங்கள் வைத்தியசாலை வேறு நேரம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பிள்ளை அழுகிறதே என்று பாட்டி பஸ்ஸில் பிஸ்கட் ஒன்றைக் கொடுத்துவிட்டால், தாதியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான்.

அந்த நாளுக்கு முன்னரே வீக்கம் கல்லுப்போல இறுகி, உள்ளே போகாமல், பிள்ளை வாந்தியும் எடுத்தால் உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

கேள்வி: ஏழு வயது மகளுக்கு மூன்று நாட்களில் டொன்சில் சத்திரசிகிச்சை. இப்போது காய்ச்சலும் சளி இருமலும் இருக்கின்றன. சொன்னால் தள்ளிப்போடுவார்களோ?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள், தள்ளிப்போடத்தான் வேண்டும். சளிபிடித்த பிள்ளையின் மூச்சுவழி மயக்கத்தின்போது திடீரென இறுகி அடைபடக்கூடும். சில வாரங்கள் பொறுப்பது, தியேட்டரில் அப்படியொரு நிமிடத்தைச் சந்திப்பதை விட நல்லது. தெளிந்த மூக்கொழுக்கு மட்டும் என்றால் வைத்தியர் பார்த்து முடிவு செய்வார். எதுவானாலும் இன்றே தெரிவியுங்கள்.

இன்னொன்று: டொன்சில் எடுத்த இடத்தில் முதல் நாளில் மட்டுமன்றி, 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையிலும் இரத்தம் கசியலாம். துப்பும் எச்சில் சிவந்திருந்தால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. தோட்டத்தில் நள்ளிரவில் யாருடைய வாகனம் கிடைக்கும் என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.