நாடித்துடிப்பில் இரண்டு முகடுகள் ஏன்?

கேள்வி: எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் 40 பேருக்கு நானே நாடித்துடிப்பு பார்த்துக் குறித்தேன். 55–59, 60–64 என்று ஐந்தைந்தாகப் பிரித்து நிகழ்வெண் அட்டவணை போட்டேன். 60–64-ல் 9 பேர், 80–84-ல் 8 பேர். நடுவில் உள்ள மூன்று பிரிவுகளிலும் 6, 7, 6 என்று குறைந்துவிடுகிறது. குழுவில் இரண்டு விதமான உடல்வாகு உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அட்டவணையோடு அந்த 40 எண்களையும் எழுதி அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பெரும்பாலோர் அட்டவணையை மட்டும்தான் அனுப்புவார்கள். அப்படிச் செய்திருந்தால் இதை நான் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

உங்கள் பட்டியலில் 56, 60, 64, 68, 72 என்றே வருகிறது. 61 இல்லை, 75 இல்லை, ஒற்றைப்படை எண் ஒன்றுகூட இல்லை. எல்லாமே நான்கால் வகுபடுகின்றன. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கியிருக்கிறீர்கள், சரிதானே? அதில் தப்பில்லை, வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் நான்கு நான்காகத் தாவும் எண்களை ஐந்தைந்தாகப் பிரித்தால் என்ன ஆகும்? 60–64 என்ற பிரிவுக்குள் 60, 64 என்று இரண்டு எண்கள் விழும். 65–69-க்குள் 68 மட்டும். 70–74-க்குள் 72 மட்டும், 75–79-க்குள் 76 மட்டும். 80–84 வந்ததும் மறுபடி இரண்டு. உங்கள் இரண்டு முகடுகளும் சரியாக அந்த இரண்டு இடங்களில்தான் நிற்கின்றன.

நான் பிரிவே போடாமல், ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே கோடு போட்டு எண்ணினேன். நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. 56-ல் தொடங்கி 92 வரை வரிசையாக 2, 4, 5, 6, 7, 6, 5, 3, 1, 1 என்று வந்தது. 72 வரை ஏறி, அப்புறம் இறங்குகிறது. ஒரே முகடுதான். பிரிவு வேண்டுமென்றால் எட்டெட்டாக, 54–61, 62–69, 70–77, 78–85, 86–93 என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள் சமமாக விழும். நிகழ்வெண்கள் 6, 11, 13, 8, 2.

எத்தனை பிரிவு போடுவது என்பதற்கு 1926-ல் ஸ்டர்ஜஸ் சொன்ன சூத்திரம் ஒன்று உண்டு. 40 பேருக்கு அது ஆறு அல்லது ஏழு பிரிவுகள் என்று காட்டும். அதன்படி 54-லிருந்து ஆறாறாகப் பிரித்துப் பார்த்தேன்: 2, 9, 6, 13, 5, 4, 1. இதிலும் பொய்யான ஒரு மேடு! சூத்திரத்துக்கு எண்ணிக்கை மட்டும்தான் தெரியும், நீங்கள் எப்படி அளந்தீர்கள் என்று தெரியாது. அதனால் இரண்டு மூன்று அகலங்களில் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் நிலைத்து நிற்கிற முகட்டை மட்டும் நம்புங்கள்.

இதில் நானும் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வயதுப் படிவங்களைத் தொகுக்கக் கொடுத்தார்கள். 26–30, 31–35 என்று பிரித்து, பிரிவின் நடுமதிப்பை வைத்துச் சராசரி போட்டேன். நேரடியாகக் கூட்டி வகுத்த சராசரியைவிட ஒரு வயதுக்கும் மேல் குறைந்தது. வயது கேட்டால் பலரும் 30, 35, 40 என்று முழு எண்ணாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் எல்லோரும் பிரிவின் மேல் நுனியில் குவிந்திருக்க, நான் 28, 33 என்று கணக்கில் எடுத்திருந்தேன். 28–32, 33–37 என்று மாற்றியதும் குவியல் நடுவுக்கு வந்தது, சராசரியும் சரியாயிற்று.

கேள்வி: குவிவு நிகழ்வெண்ணை எதற்குப் போடச் சொல்கிறார்கள்? மதிப்பெண்ணுக்காகத்தான் போடுகிறேன்.

பதில்: மேலே உள்ள நாடித்துடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2, 6, 11, 17, 24 என்று கூட்டிக்கொண்டே போனால், 68 வரை 17 பேர், 72 வரை 24 பேர். நடுவில் நிற்கிற 20-ஆவது, 21-ஆவது ஆட்கள் இருவருமே 72-ல் அகப்படுகிறார்கள். இடைநிலை அளவு 72. ‘என் துடிப்பு 80, எனக்குக் கீழே எத்தனை பேர்?’ என்று ஒருவர் கேட்டால் 30 என்று உடனே சொல்லலாம். எட்டெட்டாகப் பிரித்த அட்டவணையில் சூத்திரம் போட்டால் இடைநிலை அளவு சுமார் 71.3 வரும். பிரிவுக்குள் எல்லோரும் சீராகப் பரவியிருப்பதாகச் சூத்திரம் எடுத்துக்கொள்வதால் வரும் வித்தியாசம் அது.

கேள்வி: 0–10, 10–20 என்று பிரித்தால் 10 எதில் சேரும்? கடைசிப் பிரிவு ‘60-க்கு மேல்’ என்று இருந்தால் சராசரி எப்படிக் காண்பது?

பதில்: 10–20-ல் சேருங்கள். மேல் எல்லை அடுத்த பிரிவுக்குரியது என்பதுதான் பாடப்புத்தக வழக்கம். நடுவில் மாற்றாமல் கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும். ‘60-க்கு மேல்’ என்ற பிரிவுக்கு நடுமதிப்பு கிடையாது, அதனால் சராசரி காண வழியில்லை. இடைநிலை அளவைக் கொடுங்கள். பாதிப் பேருக்கு மேல் அந்தக் கடைசிப் பிரிவிலேயே இருந்தால் அதுவும் வராது. அப்போது மூலத் தரவுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.