போட்டவரே அழிக்க முடியாதா?

கேள்வி: ஃப்ரீநெட் மாதிரி, யார் எழுதியது என்று தெரியாத வலையமைப்புகளில் ஏற்றியதை, ஏற்றியவரே நினைத்தாலும் அழிக்க முடியாதாமே? அழிக்க ஒரு பாஸ்வேர்டு கொடுத்தால் என்ன, அது என்னிடம் மட்டும்தானே இருக்கும்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்த ‘என்னிடம் மட்டும்தானே’வில்தான் வில்லங்கமே. உங்களிடம் இருக்கிறது என்றால் உங்களைத் தேடித்தான் வருவார்கள். ஒரு ஊழல் ஆவணத்தை ஏற்றிவிட்டீர்கள் என்று வையுங்கள். சந்தேகத்தில் ஒருவர் வாசலில் வந்து நின்று ‘அழி’ என்கிறார். அழிக்க வழியே இல்லாத அமைப்பு என்றால் உங்களை மிரட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. வழி இருந்தால் அழிக்கும்வரை விடமாட்டார்கள், நீங்கள் பயந்துபோய் அழித்த அந்த நொடியே, எழுதியது நீங்கள்தான் என்று நீங்களே சாட்சி சொன்ன மாதிரியும் ஆகிவிடும். எழுதாமலே மாட்டிக்கொண்டவர் பாடு இன்னும் பரிதாபம். இல்லாத பாஸ்வேர்டுக்கு அவர் எங்கே போவார்?

கற்பனை இல்லை இது. பின்லாந்தில் யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் 1993-லிருந்து பெயர் மறைத்து மின்னஞ்சல் அனுப்பித் தரும் சேவை நடத்தினார். எந்தப் புனைபெயருக்கு எந்த நிஜ முகவரி என்ற பட்டியல் அவர் கணினியில் இருந்தது. 1995-ல் சயன்டாலஜி என்ற மத அமைப்பு புகார் கொடுக்க, போலீஸ் வந்தது, ஒரு முகவரியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. மறு வருஷம் சேவையையே மூடிவிட்டார். அது முகவரி விவகாரம்தான், நீக்குவது அல்ல. ஆனால் கையில் இருந்ததால்தானே கேட்டார்கள்?

நீங்கள் சொல்லும் பாஸ்வேர்டு யோசனையும் புதிதில்லை. பெயர் மறைத்து இணையத்தில் வெளியிடுவதற்காக 2000-ல் வந்த பப்ளியஸ் என்ற அமைப்பில் அது இருந்தது. கூடவே, ‘இதை இனி என்னாலும் அழிக்க முடியாது’ என்று ஏற்றும்போதே பூட்டிவிடும் வசதியையும் வைத்திருந்தார்கள். மிரட்டல் வரும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஃப்ரீநெட்டின் (இப்போது பெயர் ஹைஃபாநெட்) வழி வேறு. கோப்பை 32 கிலோபைட் துண்டுகளாக்கி, மறையாக்கம் செய்து, முன்பின் தெரியாதவர்களின் கணினிகளில் சிதறவிடுகிறது. தன் கணினியில் கிடப்பது என்ன என்று அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. ‘நீக்கு’ என்றொரு கட்டளை இருந்திருந்தால், ‘முடியும் அல்லவா, செய்’ என்று நோட்டீஸ் அந்த அப்பாவிகளுக்கும் போகும். ஆனால் எதுவும் சாசுவதமாக இருந்துவிடாது: யாரும் கேட்காத துண்டுகள் இடம் போதாதபோது தானாக வெளியேறிவிடும். வேடிக்கை என்னவென்றால், ‘இன்னும் இருக்கிறதா?’ என்று நீங்கள் அடிக்கடி எடுத்துப் பார்த்தாலே நகல்கள் பெருகும், ஆயுசும் நீளும்.

இதற்கு ஒரு விலை உண்டு. சம்மதமில்லாமல் எடுத்த ஒரு பெண்ணின் படமோ, குழந்தைகளைச் சீரழிக்கும் படமோ ஏறிவிட்டால் அதையும் பிடுங்கி எறிய முடியாது. இதற்கு யாரிடமும் நல்ல பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ‘கெட்டதை மட்டும் அழிக்கும்’ பொத்தானைச் செய்தால், முதலில் அதை அழுத்தப்போவது உங்கள் ஊழல் ஆவணத்தில் பெயர் வந்தவர்தான்.

நாளைக்கு மனசு மாறலாம் என்று தோன்றுகிற விஷயமா? அப்படியென்றால் சாதாரண இணையதளத்திலேயே போடுங்கள், அங்கே பொத்தான் இருக்கிறது.